ஓட்டியது நான்தான்

எங்கள் தாமான் குடியிருப்பின் கோயில் மண்டபத்தில் வருடத்துக்கு ஒரு முறையாவது கூட்டம் போடுவார்கள். 'நம் இளைஞர்கள் எங்கே போகிறார்கள்' என்பது மாதிரி ஏதாவது ஒரு தலைப்பு இருக்கும். இளைஞர்கள் என்றால் பையன்கள். மேடையில் பேசுகிறவர்கள் கும்பல், போதை, திருட்டு, வெட்டுக்குத்து என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கண் கலங்குவார்கள். கடைசியில், நேரம் முடிகிற சமயத்தில், யாராவது ஒருவர் எழுந்து, "பொம்பளப் பிள்ளைங்களயும் கொஞ்சம் கவனிச்சுக்கணும்" என்பார். மண்டபம் முழுக்கத் தலையாட்டும். எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன முறை பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். "ஏன், பொம்பளப் பிள்ளைங்க திருட மாட்டாங்களா? மோட்டார் ரேஸ் போக மாட்டாங்களா?" பின்வரிசையில் சிரித்தார்கள். மேடையில் இருந்தவர், "அக்கா நல்லா ஜோக் அடிக்கிறாங்க லா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் இடைவேளை அறிவித்தார். நான் ஜோக் அடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு முப்பது தாண்டிவிட்டது. புக்கிட் காத்திலில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். காலையில் பிள்ளைகளை ஏற்றும்போது தாய்மார்கள் ஜன்னல் பக்கம் வந்து சொல்வதைக் கேட்டால் போதும், வேறு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பையனின் அம்மா சிரித்துக்கொண்டே வருவார். "அக்கா, இவன் ரொம்ப சேட்டக்கா, அடங்கலன்னா ரெண்டு போடுங்க." குரலில் பெருமை வழியும். பெண்ணின் அம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வார். "அக்கா, இவ யாரு பக்கத்துல உக்கார்றான்னு கொஞ்சம் பாத்துக்குங்க." அந்தப் பெண்ணுக்கு ஒன்பது வயது. அவள் பக்கத்தில் உட்காருவது அவளுடைய புத்தகப் பை.

இனி என் கதைக்கு வருகிறேன். பதினாறு வயதில் நான் ஒரு குற்றம் செய்தேன். தெரிந்தே செய்தேன், நன்றாகவும் செய்தேன். அந்தக் குற்றத்தை என் கையிலிருந்து பிடுங்கி என் அண்ணனிடம் கொடுத்தார்கள். பதிலுக்கு, நான் செய்யாத வேறொன்றை எனக்குக் கொடுத்தார்கள். அவனுக்குக் கிடைத்தது சின்னத் தண்டனை. எனக்குக் கிடைக்க இருந்தது ஊரை விட்டே போகிற தண்டனை.

அப்பா சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அங்கேயே ரப்பர்ப் பால் மரம் வெட்டினார், பால் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்ததும் குலை அறுத்தார். தோட்டம் கைமாறிய பிறகு புக்கிட் காத்திலில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, கேட்டைத் திறந்து மூடுவது. அம்மா அதே தொழிற்சாலையின் கேண்டீனில் பாத்திரம் கழுவினார். அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம்.

பள்ளி விட்டு வந்ததும் அண்ணன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போய்விடுவான். அந்தச் சட்டையை நான் துவைப்பேன். சோறு வடிப்பேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் வீட்டுக்குள் இருக்க வேண்டும்; அண்ணன் எப்போது வந்தாலும் அவன் தட்டு மூடி வைத்திருக்கும். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. அந்த வரிசையில் இருந்த எல்லா வீடுகளிலும் அப்படித்தான்.

அந்த வரிசைப் பையன்கள் செய்யாதது எதுவும் பாக்கி இல்லை. ஒருவன் தோட்டத்தில் புகுந்து செம்பனைக் குலை திருடினான். ஒருவன் செம்புக் கம்பியை அறுத்து விற்றான். இன்னொருவன் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தாமானுக்குச் சண்டைக்குப் போனான். ஒவ்வொன்றுக்கும் பெரியவர்கள் ஒரு காரணம் தயாராக வைத்திருந்தார்கள். வயசு அப்படி. சேர்க்கை சரியில்லை. ஜாதகத்தில் கட்டம் சரியில்லை. அப்பன் கண்டிப்பு போதாது. ஒரு பையன் கெட்டுப்போனால் அவனைத் தவிர மற்ற எல்லோரும் எல்லாமும் காரணம்.

பெண்களுக்கு இருந்தது ஒரே காரணம்தான். நான்காவது வீட்டுப் பெண் பேரங்காடியில் உதட்டுச் சாயம் எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பயலுக்காகடி இத எடுத்த?" என் வகுப்பில் ஒருத்தி இன்னொருத்தியின் பல்லை உடைத்தாள். இரண்டு வீட்டாரும் கூடி நின்று, நடுவில் இருக்கிறவன் யார் என்று விசாரித்தார்கள். அது கேண்டீன் வரிசையில் நடந்த சண்டை. நடுவில் இருந்தது ஒரு தட்டு மீ கோரெங்.

பையன்கள்தான் அதிகம் கெட்டுப்போகிறார்கள் என்று மண்டபத்தில் சொல்கிறார்களே, உண்மைதான். கெட்டுப்போவதற்குத் தேவையான தெரு, திடல், மோட்டார், கேள்வி கேட்காத சாயங்காலம் எல்லாவற்றையும் அவர்களுக்கு நாம்தான் கொடுக்கிறோம். பெண்களை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அவர்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று மெச்சிக்கொள்கிறோம். விட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

என்னை விட்டுப் பார்த்தவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. டுரியான் துங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தோட்ட வீட்டில் இருந்தார். அவர் கணவர் லாரியோடு வாரக்கணக்கில் வெளியூர் போய்விடுவார். பள்ளி விடுமுறைக்கு நான் அங்கே போவேன். கடை தொலைவு, மோட்டார் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது, சின்னம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. ஒரு நாள் சாவியை என் கையில் கொடுத்து, "தோட்டத்துக்குள்ள யாரு பாக்கப் போறா, ஓட்டிப் பழகிக்க" என்றார். செம்மண் சாலையில் விழுந்து எழுந்து பழகினேன். கேஸ் சிலிண்டரைப் பின்னால் கட்டிக்கொண்டு, மழையில் குழைந்த ரோட்டில், கால் தரையில் படாமல் ஓட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். என்னால் இவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிற காரியம் ஒன்று உண்டு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சின்னம்மா வீட்டிலிருந்து என்னை அழைத்து வர அண்ணன் அப்பாவின் மோட்டாரில் வந்தான். வந்தவன் முகம் சரியில்லை. வழியில் அவன் கூட்டாளிகள் பந்தயம் வைத்திருந்தார்கள். அணைக்கட்டுப் பக்கம் செம்பனைக்கு நடுவே நேராக ஓடும் ஒரு ரோடு. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. அவனோடு வருவதாகச் சொன்ன பையன் வரவில்லை.

"நீ பின்னால உக்காந்துக்க. ஹெல்மெட்டக் கழட்டாத, வாயத் திறக்காத" என்றான். அவனுடைய இன்னொரு ஜாக்கெட்டை எனக்குப் பின்பக்கமாக மாட்டிவிட்டான். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க மோட்டார்க்காரர்கள் அப்படித்தான் போடுவார்கள்.

அந்த ரோட்டுக்குத் திரும்பும் முனையில் மோட்டாரை நிறுத்தினான். மற்றவர்கள் தூரத்தில் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்துக்கொண்டே முழங்கையைத் தடவினான். சில வாரங்களுக்கு முன் அதே ரோட்டில் விழுந்து முழங்கை கிழிந்திருந்தது. வீட்டில் பள்ளிப் படியில் விழுந்தேன் என்று சொல்லியிருந்தான். எனக்கு உண்மை தெரியும், அந்தச் சட்டையையும் துவைத்தவள் நான்தானே.

"அண்ணே, பயமா இருந்தா போயிரலாம்" என்றேன்.

"போனா நாளைக்கு எவன் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது."

"அப்ப எறங்கு. நான் ஓட்டுறேன்."

அவன் என்னைப் பார்த்தான், தூரத்தில் நின்றவர்களைப் பார்த்தான். பிறகு இறங்கிப் பின்னால் உட்கார்ந்தான். இருவரும் ஒரே உயரம், ஒரே மாதிரி ஜாக்கெட், முகத்தை மறைத்த ஹெல்மெட். வரிசையில் போய் நின்றபோது எவனுக்கும் சந்தேகம் வரவில்லை. வருவதற்கு அவர்கள் மண்டையில் அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது.

நான் வருத்தப்பட்டு எழுதவில்லை. அந்த ஓட்டம் எனக்குப் பிடித்திருந்தது. செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் ஒரே பச்சையாகக் கரைந்து போயின. அண்ணன் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று முதுகில் கத்தினான். நான் மெதுவாகப் போகவில்லை. எல்லோருக்கும் முன்னால் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாக, விளக்கு வைக்கிற நேரம் என்ற ஒன்றே இல்லாத ஓர் இடத்தில் இருந்தேன்.

வளைவுக்குப் பின்னால் போலீஸ் கார் நின்றது. பின்னால் வந்த பையன்கள் தோட்டத்துக்குள் சிதறி ஓடினார்கள். நானும் ஹாண்டிலைத் திருப்பினேன், செம்மண்ணில் பின் சக்கரம் சறுக்கியது. மோட்டார் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

"சியாப்பா பாவா?" என்று கேட்டார் போலீஸ்காரர். யார் ஓட்டியது?

"சாயா" என்றேன். நான்தான். அதே மூச்சில் அண்ணனும் "சாயா" என்றான். போலீஸ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். என் பின்னல் வெளியே விழுந்தது. அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை, சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்தது. ஓட்டியவன் அண்ணன், பின்னால் தொற்றிக்கொண்டு வந்தவள் நான்.

அண்ணனை வெளியே கொண்டுவர இரண்டு கார் நிறைய ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவர் அம்மாவின் அண்ணன், கோயில் கமிட்டியில் இருக்கும் எங்கள் மாமா. ஜாமீன் போட்டு அழைத்து வந்தார்கள். வாசலில் அம்மா பூசணிக்காய் சுற்றி உடைத்தார். "என் புள்ள மேல யாரு கண்ணு பட்டுச்சோ." அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். மாமா அண்ணனின் தோளில் தட்டி, "எத்தனையில போன, நூத்தி இருபதா?" என்று கேட்டார். கண்டிக்கிற குரலில்தான் கேட்டார், ஆனால் பதிலைத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது. நான் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

பிறகு என் முறை வந்தது.

"அங்க வந்திருந்த பயலுங்கள்ல எவன்?" என்றார் அம்மா.

"எவனும் இல்லம்மா. நான்தான் மோட்டார ஓட்டினேன்."

"அண்ணனக் காப்பாத்த ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். எவன்னு சொல்லு."

"சின்னம்மா வீட்டுல ஓட்டிப் பழகினேன். கேட்டுப் பாருங்க."

"பாத்தியா பேச்ச மாத்துறத" என்றார் மாமா. "எவனோ ஒருத்தன் இருக்கான். இல்லாமலா இவ அந்த ரோட்டுக்குப் போனா?"

என் கைப்பேசியைப் பிடுங்கித் துழாவினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததே என் சாமர்த்தியத்துக்குச் சாட்சி ஆகிவிட்டது. பள்ளிக்குப் போவதை நிறுத்திவைத்தார்கள். அப்பா மட்டும் எதுவும் கேட்கவில்லை. கதவோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனுக்கு அது நல்ல காலம். முனைத் தேநீர்க் கடையில் அவனுக்குத் தே தாரிக் இலவசம். வளைவில் சாய்ந்ததை எல்லோருக்கும் நடித்துக் காட்டினான், நான் சாய்ந்ததை. கொஞ்ச நாளில் அவன் வழக்கும் முடிந்தது. ஒழுங்காக நடந்துகொள்வேன் என்று பிணையில் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதற்கு நடுவில் அப்பா ஒரு காரியம் செய்தார். அதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் தோட்டத்து வழக்கம் ஒன்று தெரிய வேண்டும். அந்தக் காலத்தில் பிள்ளை அடங்கவில்லை என்றால் தகப்பன் அதைப் பெரிய கிராணியிடம் அழைத்துப் போவார். கிராணிதான் தோட்ட ஆபீசின் தலைமை எழுத்தர், எல்லோருக்கும் அவரிடம் பயம். அவர் வாசலில் நின்று, "இன்னொரு வாட்டி கேள்விப்பட்டேன், குடும்பத்தோட தோட்டத்த விட்டு அனுப்பிருவேன்" என்று ஒரு சத்தம் போடுவார். பிள்ளை அழும். தகப்பன் கும்பிடு போட்டு அழைத்து வருவார். அதோடு சரி. எங்கும் எதுவும் பதிவாகாது. அப்பாவையும் அவர் அப்பா அப்படி அழைத்துப் போயிருக்கிறார்.

இந்த ஊரில் கிராணி இல்லை. தொழிற்சாலையில் யாரோ சொன்னார்கள் என்று அப்பா நேராக சமூக நல அலுவலகத்துக்குப் போனார். என் மகள் சொன்ன பேச்சு கேட்பதில்லை, என் கட்டுப்பாட்டில் இல்லை என்றார். அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். யாராவது ஒரு அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டு அனுப்பிவிடுவார் என்று நம்பி, வரும் வழியில் எனக்குத் தின்பதற்குக் கரிபாப் வாங்கி வந்தார்.

சத்தம் போட யாரும் வரவில்லை. நீதிமன்ற அழைப்பு வந்தது. கூடவே ஒரு மலாய்ப் பெண் அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அமைதியானவர், தலையில் நீலத் துணி. பெற்றோர் கட்டுப்பாட்டை மீறிய பிள்ளை என்று விண்ணப்பம் போயிருப்பதாக மலாயில் விளக்கினார். மாஜிஸ்திரேட் நினைத்தால் வேறு மாநிலத்தில் இருக்கும் பெண்கள் விடுதிக்கு என்னை அனுப்பலாம், வருடக் கணக்கில் வைத்திருக்கலாம் என்றார். அடுத்த வருடம் எனக்குப் பள்ளி முடிக்கிற எஸ்.பி.எம். தேர்வு.

அப்பா எழுந்து அதிகாரி பக்கம் போனார். "அம்மா, மிரட்டித்தான் விடுவீங்கன்னு நெனச்சேன். நான் போட்ட கையெழுத்த எடுத்துக்கிறேன்." தமிழில் சொல்லிவிட்டு, மலாயில் தட்டுத் தடுமாறித் திரும்பவும் சொன்னார். அதிகாரி தலையை ஆட்டினார். இனி மாஜிஸ்திரேட்தான் முடிவு செய்ய வேண்டும்.

மோட்டார் ஓட்டியதற்கு ஒரு பிணைக் கையெழுத்து. ஓட்டவில்லை என்று எல்லோரும் நம்பியதற்கு வருடக் கணக்கில் விடுதி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. புரிந்ததும் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, நான்தான் ஓட்டினேன்னு அந்தம்மாகிட்ட சொல்லு. எவன் கூடயும் போகலன்னு அப்பவாவது நம்புவாங்க."

அவன் தரையைப் பார்த்தான். "உன்ன விட்டுருவாங்க புள்ள. சும்மா பயமுறுத்துறாங்க."

"விடலன்னா?"

"போலீஸ்ல என் பேரு இருக்கறது எனக்குப் பரவால்ல. தங்கச்சிக்குப் பின்னால உக்காந்து கத்திக்கிட்டு வந்தேன்னு தெரிஞ்சா நான் எப்படி வெளிய தல காட்டுறது? சொல்லு."

அடித்துவிடலாம் போல் இருந்தது. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அவன் உலகத்தில் குற்றவாளியாக இருப்பதில் ஒரு மரியாதை இருந்தது, பயந்தவனாக இருப்பதில் எதுவும் இல்லை. பயப்படக்கூட அனுமதி இல்லாத ஒருவன், ஓட்டக்கூட அனுமதி இல்லாத ஒருத்தி. ஒரே அம்மா அப்பாவின் பிள்ளைகள். இதைப் புரிந்துகொண்டேன் என்பதற்காக அவனை நான் மன்னித்துவிடவில்லை.

நீதிமன்ற நடைக்கூடத்தில் எங்களைப் போலப் பல குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. பையன்கள் ஒருவருக்கொருவர் என்ன செய்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடை உடைத்தவன், மோட்டார் திருடியவன், அடிதடி. பெண்கள் பேசவில்லை. என் பக்கத்தில் இருந்தவளிடம் என்ன கேஸ் என்று கேட்டேன். வீட்டை விட்டு ஓடியதற்காக என்றாள். ஏன் ஓடினாய் என்றேன்.

"அந்த வீட்டுல இருக்க முடியாதுக்கா" என்றாள். "ஏன்னு நீங்கதான் மொதல்ல கேக்குறீங்க."

அதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த மண்டபக் கூட்டங்களில் எனக்குக் கோபம் வருவதற்குப் பாதிக் காரணம் அவள்தான்.

எங்கள் முறை வந்தது. மாஜிஸ்திரேட் ஒரு பெண், 'புவான்' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். அப்பா கைகூப்பி, "புவான், என் மகள் நல்ல பிள்ளை. எந்தப் பையனும் இல்லை. தப்பாக வந்துவிட்டேன்" என்று மலாயில் சொன்னார். நீல முக்காடு அதிகாரி தன் அறிக்கையை வாசித்தார். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்துக் கேட்டார், காதலன் இருக்கிறானா என்று.

இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம். அதுதான் உண்மையும்கூட. "இல்லை" என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

"இருந்திருந்தால் என்னை அனுப்பிவிடுவீர்களா, புவான்? என் அண்ணனிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே. மோட்டாரை ஓட்டியது நான்தான். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மாஜிஸ்திரேட் கோபப்படவில்லை. கோப்பைப் புரட்டினார். வெளியில் இருந்த அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். அவன் வந்து நின்றான். யார் ஓட்டியது என்று கேட்டார். நான் அவனையே பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல், "சாயா, புவான்" என்றான்.

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பி, அண்ணன் தன் தவறைத் தானே ஏற்றுக்கொள்கிறார், இப்படிப்பட்ட அண்ணன் கிடைத்தது உன் அதிர்ஷ்டம் என்றார். விடுதி வேண்டாம், வீட்டிலேயே அதிகாரியின் கண்காணிப்பில் இருக்கலாம், பள்ளிக்குப் போகலாம். ஒரு நிபந்தனை. குடும்பத்தில் ஒருவர் துணை இல்லாமல் வெளியே போகக் கூடாது. யார் துணைக்குப் போவார்கள் என்று கேட்டார். பழக்க தோஷத்தில் அப்பாவின் வாயிலிருந்து வந்தது, "அண்ணன் இருக்கிறான், புவான்." நான் செய்த குற்றத்துக்காகப் பிணையில் இருந்தவன் எனக்குக் காவல் ஆனான். அந்த அறையில் எவருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

வெளியே வந்தோம். அம்மா அழுதுகொண்டே சாமிக்கு நன்றி சொன்னார். அப்பா அண்ணனிடம், "தங்கச்சிய மோட்டார்ல பத்திரமா கூட்டிக்கிட்டுப் போ. நாங்க பஸ்ஸுல வர்றோம்" என்றார். அண்ணன் மோட்டாரை எடுத்து வந்து என் முன்னால் நிறுத்தினான். நான் ஏறவில்லை. நீதிமன்றப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏறு புள்ள" என்றான்.

"அன்னிக்கு யாரு ஓட்டினான்னு சொல்லு. அப்பறம் ஏறுறேன்."

"உள்ளதான் முடிஞ்சு போச்சே, இன்னும் என்ன?"

"உள்ள முடிஞ்சுது. இங்க சொல்லு. அப்பா அம்மா முன்னால சொல்லு."

போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. அன்று மாலை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பு இருந்தது, அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் அப்பாவைப் பார்த்தான். பிறகு ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டு, "நீதான்" என்றான்.

"கேக்கல."

"நீதான் ஓட்டின! போதுமா?" கத்தியவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். ஆச்சரியப்படுவார், கோபப்படுவார், ஒருவேளை மன்னிப்புக்கூடக் கேட்பார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்மா" என்றார் அப்பா.



"ஒன் சின்னம்மா அப்பவே சொல்லிட்டா, நீ எப்படி ஓட்டுவன்னு. இவனுக்கு அந்த வளைவெல்லாம் வராது. அன்னிக்கே எனக்குத் தெரியும்." அப்பா படியில் எனக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். "எவனாவது இருந்தான்னா கட்டிக் குடுத்திருப்பேன். என்ன செய்யணும்னு தெரியும். நீ ஓட்டினேன்னா நான் என்ன செய்யறது? அதுக்கு யாருகிட்ட போறது? அதான் அந்த ஆபீசுக்குப் போனேன்."

என்னிடம் பையன் எவன் என்று அவர் ஏன் ஒரு முறைகூடக் கேட்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்கு என் மேல் சந்தேகமே இருந்ததில்லை. பயம்தான் இருந்தது. அவர் மேல் பரிதாபமும், அதைவிடப் பெரிதாகக் கோபமும் வந்தது. இரண்டும் இன்றைக்கும் போகவில்லை.

"ஒண்ணும் செய்ய வேணாம்பா" என்றேன். "ஓட்ட விடுங்க."

அப்பா எழுந்து போய் மோட்டாரின் எஞ்சினை நிறுத்தினார். சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணனை இறங்கச் சொன்னார். மோட்டாரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் நான்கு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம்.